தரை காய்ந்திருந்தது

பெற்றவர்கள் பிள்ளைகளுக்காக எழுதி வைப்பதைப் பிள்ளைகள் படிப்பதில்லை. எல்லாம் இந்த ஒரு வருத்தத்தில்தான் தொடங்கியது. அப்பா ஓய்வு பெற்றதும் உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதுவார். பட்ட கஷ்டம், பழகிய மனிதர்கள், எடுத்த முடிவுகள், எடுக்கப் பயந்து விட்டவை. மகன் "சூப்பர்ப்பா" என்று சொல்லி வாங்கி அலமாரியில் வைப்பான். அதன்பிறகு அதை முழுசாகப் படிப்பது கரையான் மட்டும்தான்.

படிக்காவிட்டால் போகட்டும், நட்டுவிடலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் வழி கண்டுபிடித்தான். ஏழு வயதுக்குள் இருக்கும் குழந்தையை அரைத்தூக்கத்தில் கிடத்தி, தலையில் ஒரு தொப்பியை மாட்டி, பெற்றவர் எழுதியதைக் காதில் வாசிக்க வேண்டும். மூளையில் நினைவு தங்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பது தொப்பியின் வேலை. குழந்தை கண் விழிக்கும்போது அது கேட்ட கதையாக இருக்காது, தானே கண்ட காட்சியாக இருக்கும். தாத்தாவின் முகத்தையே பார்த்திராத பேத்திக்குத் தாத்தாவின் மீசை குத்தியது ஞாபகம் இருக்கும். ஜனங்கள் இதற்கு நடவு என்று பெயர் வைத்தார்கள். காது குத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நடவு என்று ஒரு விசேஷமே வந்துவிட்டது. மாமன் சீர் உண்டு, பிரியாணி உண்டு.

ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருந்த ஒரு நடவு நிலையத்தில் மகிழினி திருத்துநராக இருந்தாள். பெற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் படித்து, நடவுக்குத் தோதாகத் திருத்தி, கையெழுத்துப் போடுவது அவள் வேலை. நிலையத்தின் கையெழுத்து இல்லாமல் தொப்பி எந்தக் குழந்தையின் தலைக்கும் போகக் கூடாது என்பது சட்டம்.

கேட்பதற்கு எளிதான வேலைதான். ஆனால் ஒரு மனிதர் தன் அக்காவைப் பற்றி, 'கோபம் வந்தால் அவள் புலி' என்று எழுதியிருந்தார். மகிழினிக்கு முன்னால் இருந்தவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அவருடைய பையனுக்கு இன்றைக்கும் அத்தை என்றால் சமையலறையில் நின்ற புலிதான். அதனால் அலங்காரம் எதுவும் கூடாது, கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை தரை. எழுதுகிறவர்கள் முகத்தை எழுதுவார்கள், பேச்சை எழுதுவார்கள், அன்றைக்குப் பெய்த மழையைக்கூட எழுதுவார்கள். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுதாதது நடவில் வராது. அந்த நினைவுக்குள் குழந்தை குனிந்து பார்த்தால் கீழே ஒன்றுமே இருக்காது. அப்படி நட்ட குழந்தைகள் தூக்கத்தில் விழுவதுபோல் துடித்து எழுந்து அழும். தரை இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்வதுதான், ஒரு நினைவு சொந்தமா நட்டதா என்று கண்டுபிடிக்க நிலையத்தில் வைத்திருந்த சோதனையும். ஆகவே யார் வந்தாலும் மகிழினி முதலில் சொல்வது, "தரையை எழுதுங்க" என்பதுதான்.

இவ்வளவு தரை பேசுகிறவள் வெறுங்காலைத் தரையில் வைக்கமாட்டாள். வீட்டுக்குள் ஒரு செருப்பு, அலுவலகத்துக்குள் ஒரு செருப்பு, கோயிலுக்குப் போனால் காலுறை. "உங்கப்பா உங்களைத் தொட்டில்லயே வெச்சு வளத்துட்டாருங்களா?" என்று மேலாளர் லோகேஷ் கேலி செய்வார். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கவின் என்ற அந்த மனிதர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். சாயம் சோதிக்கும் கூடத்தில் வேலை. இஸ்திரி கலையாத சட்டை, வெட்டிய நகம், யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. கூடவே மகள் பொன்னி வந்திருந்தாள். பழைய பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்திருந்த காலம் அது. அவளை வெளியே சோபாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். மனைவி தாரணி ஆடி மாதம் இறந்துபோயிருந்தாள். அவளுடைய கடைசிக் காலையை எழுதி எடுத்து வந்திருந்தார்.

மகிழினி படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. தரையைத்தான் காணோம்."

"தரை எதுக்குங்க?"

அவள் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, ஏதோ பஸ் நேரம் விசாரிப்பவர் மாதிரி, "அந்த எடத்துல ஏற்கெனவே ஏதாவது இருந்தா என்னங்க ஆகும்?" என்றார்.

"எந்த எடத்துல?"

"ஞாபகத்துலங்க. அதே நாளு, அதே நேரம். கொழந்தை அதுவா எதையாவது பாத்திருந்தா?"

"புதுசு மேல வந்து உக்காந்துக்கும். பழசு போயிரும், திரும்பி வராது. அதனாலதான் கொழந்தை நேர்ல இருந்த சம்பவத்துக்கு நடவு பண்ணக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. பொன்னி அன்னிக்கு வூட்ல இருந்தாளா?"

"இல்லீங்க. பக்கத்து வூட்ல வெளையாடிட்டு இருந்தா." பதில் உடனே வந்தது.

"தாரணிக்கு என்னங்க ஆச்சு?"

"சமையக்கட்டுல தண்ணி கொட்டிக் கெடந்துச்சுங்க. வழுக்கி விழுந்துட்டா. மேடை முனை தலையில பட்டுருச்சு. போலீஸ்காரங்க வந்து பாத்து எழுதிட்டுப் போயிட்டாங்க."

"இதுல அவங்க தலைவலின்னு சொல்லிட்டு நடந்து போயி கார்ல ஏர்றாங்களே."

"கொழந்தைக்கு அம்மா கையாட்டிட்டுப் போனதா இருக்கட்டுமேங்க. அதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அப்படி ஒரு நினைவின் அருமை மகிழினிக்குத் தெரியும். அவளுடைய அம்மா, அவளுக்கு ஐந்து வயதில், வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. போகும்போது நிலைப்படியில் நின்று, நீலக் கண்ணாடி வளையல் போட்ட கையை ஆட்டி, "பொழுதோட வந்தர்றேன் கண்ணு, அப்பாவைப் பாத்துக்க" என்றாள். அம்மா வீட்டுச் சனங்கள் அதற்குப் பிறகு என்ன கோபமோ வாசலை மிதிக்கவே இல்லை. ஒரு போட்டோகூடக் கிடைக்கவில்லை. அந்த வளையல் கையை வைத்துக்கொண்டுதான் அவள் வளர்ந்தாள், பரீட்சை எழுதினாள், கல்யாணம் செய்துகொண்டாள். நல்லவேளையாக அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடவு அப்போதுதான் முளைவிட்டிருந்தது, ஊருக்குள் பரவியிருக்கவில்லை. இது தன் சொந்த நினைவு, யாரும் நட்டதில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

கவினை வழியனுப்ப வெளியே வந்தாள். நிலையத்தைக் கூட்டித் துடைக்கும் மாரக்கா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சோபாவில் பொன்னி இரண்டு காலையும் மேலே இழுத்து வைத்துக்கொண்டு, ஈரத்துணி போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போயிருச்சா?" என்று மாரக்காவைக் கேட்டாள்.

"போயிருச்சு சாமி. பளபளன்னு ஆயிருச்சு பாரு."

"வா கண்ணு, போலாம்" என்றார் கவின். பொன்னி அசையவில்லை. தகப்பன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஈரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்ததும் திரும்பி, "இப்பல்லாம் இப்படித்தானுங்க. அம்மா வழுக்கி விழுந்ததை யாரோ சொல்லிப்போட்டாங்க போல" என்றார்.

இருக்கலாம் என்று மகிழினி நினைத்தாள். ஆனால் வழுக்கி விழுந்ததைக் கேள்விப்பட்ட குழந்தை வழுக்குமா என்றல்லவா கேட்கும்? எல்லாம் போயிருச்சா என்று ஏன் கேட்டது?

மறுநாள் பிற்பகல் கவின் தனியாக வந்து திருத்திய பிரதியைக் கொடுத்தார். நடவுப் பிரதியைக் குழந்தையே பேசுவதாகத்தான் எழுத வேண்டும்.

'அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பச்சைச் சேலை. தலை வலிக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் பொன்னி என்றாள். நான் பால் குடித்துக்கொண்டிருந்தேன். தரை வெள்ளை டைல்ஸ். தரை காய்ந்திருந்தது. அதில் எதுவும் இல்லை. அம்மா கையாட்டிவிட்டு நடந்து போனாள்.'

மகிழினி எத்தனையோ தரைகளைப் படித்தவள். மொசைக், சிமெண்ட், ரயில் பெட்டியின் இரும்பு, கல்யாண மண்டபத்தில் ஒட்டிக்கொண்ட பாயசம். தரையில் என்ன இருந்தது என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். என்ன இல்லை என்று எழுதிய முதல் ஆள் இவர்தான்.

"இந்த வரி எதுக்குங்க?"

"நீங்கதானுங்க தரையை எழுதச் சொன்னீங்க" என்றார் கவின். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "நாளைக்குப் பண்ணிரலாங்களா? வர்ற வாரம் பொன்னிக்கு ஏழு வயசு முடியுது. அப்புறம் முடியாதுன்னு சொன்னாங்க."

"படிச்சுட்டுச் சொல்றேனுங்க."

அவர் போனதும் அவள் நேராக லோகேஷின் அறைக்குப் போனாள். "சார், அந்தப் புள்ள அன்னிக்கு அங்கதான் இருந்திருக்குது."

"புள்ள சொல்லுச்சா?"

"இல்லீங்க."

"பொறகு?"

அவள் ஈரத் தரையைச் சொன்னாள், எல்லாம் போயிருச்சா என்று கேட்டதைச் சொன்னாள், காய்ந்திருந்தது என்ற வரியைக் காட்டினாள். லோகேஷ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போலீஸே விபத்துன்னு முடிச்சாச்சு. பொண்டாட்டி செத்து நிக்கற மனுசன் ஒரு வரி எழுதுனாரு. அதை வெச்சுக் கொலகாரன்ங்கறீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சது அந்தப் புள்ள ஒண்ணுக்குத்தான். நட்டுட்டமுன்னா அதுக்கும் தெரியாமப் போயிரும். அப்புறம் யாரைக் கேட்டு என்ன பண்றது? நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. யாரையாவது வெச்சுப் புள்ளகிட்டப் பக்குவமாக் கேக்கச் சொல்லலாம்."

"போயிட்டு வாங்க. காலையில பேசிக்கலாம்" என்றார் அவர். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

வண்டியில் பவானி ரோட்டில் போகும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த வயதுக் குழந்தைக்கு எவ்வளவுதான் ஞாபகம் இருக்கும்? தனக்கு எவ்வளவு இருக்கிறது? சிக்னலில் நின்றபோது அம்மாவை வரவழைத்தாள். நிலைப்படி வந்தது. நீல வளையல் வந்தது. பொழுதோட வந்தர்றேன் கண்ணு. ஆயிரம் பேரிடம் சொன்னதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் அந்த நினைவுக்குள் குனிந்து பார்த்தாள்.

கீழே ஒன்றும் இல்லை. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவள் எதன்மேல் நின்றாள் என்பதே அங்கே இல்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. மறுபடி பார்த்தாள், மறுபடியும் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு அவள் நேராகப் பவானிக்கே போனாள்.

அவள் அப்பா சதீஷ் பவானியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியும் தன் துணியைத் தானே துவைக்கும் மனிதர். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் முறத்தை வைத்து வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா கண்ணு. என்ன இந்நேரத்துல? சாப்ட்டயா?"

"அப்பா, நாம முன்ன இருந்த வூட்டுல என்ன தரை?"

உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அவர் ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"காவித் தரை. செவசெவன்னு இருக்கும். எது கொட்டுனாலும் தெரியாது."

மகிழினி நின்றபடியே இருந்தாள். அவர் பார்வை இறங்கி அவளுடைய காலுக்குப் போயிற்று. வாசலில் கழற்றாமல் உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்த செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் வேலையைப் பற்றி, தரையைப் பற்றி, எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள்! அவரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

"நடவு புதுசா வந்தப்ப எங்களுக்கு யாரும் தரையை எழுதோணும்னு சொல்லித்தரல கண்ணு" என்றார். குரலில் மெய்யாகவே வருத்தம் இருந்தது. "சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லாத காலம். நாலு வரி எழுதிக் குடுன்னாங்க, குடுத்தேன். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா உனக்கு இந்தச் செருப்புத் தொந்தரவு இருந்திருக்காது."

"அம்மாவை என்ன பண்ணுனீங்க?"

"உனக்கு என்ன ஞாபகம் இருக்குது?"

"கையாட்டிட்டுப் போனாங்க."

"அப்ப அதுதான் நடந்துது" என்றார் சதீஷ். உரித்த கடலையை ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார். "சூடா இருக்குது, தின்னு."

அவள் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றால் எதையாவது பார்த்திருக்க வேண்டும். அவள் உள்ளே எங்கே தேடினாலும் நீல வளையல்தான் இருந்தது. ஜடை பின்னக் கற்றுக்கொண்டு பள்ளிக்கு அனுப்பிய அப்பா இருந்தார். காய்ச்சலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அப்பா இருந்தார். அவர்மேல் இருந்த பாசம் அப்படியே இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இந்த மனிதரை வெறுப்பதற்கு இருந்த ஒரே காரணத்தை இவரே எடுத்துவிட்டார். அவளிடம் மிச்சம் இருந்தது கால் மட்டும்தான். கால் மட்டும் இத்தனை வருஷமாக எதையோ மிதிக்கமாட்டேன் என்கிறது.

கடலையைத் தொடாமல் அவள் வெளியே வந்தாள்.

பொன்னிக்கு அப்படி ஆகவிடக் கூடாது. இரவெல்லாம் அவளுக்கு இருந்தது இந்த ஒரு நினைப்புதான். தனக்குப் போனது போய்விட்டது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருக்கிறது. கையெழுத்துப் போடப் போவதில்லை. இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும்.

காலையில் நிலையம் திறந்ததும் திறக்காததுமாகப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் கவினின் கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கூடத்தில் கவின் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அதே இஸ்திரி கலையாத சட்டை. லோகேஷ் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நேத்து சாயங்காலமே கூட்டிட்டு வந்துட்டாருங்க. புள்ளைக்கு நாள் முடியுதில்ல" என்றார், அவள் கண்ணைப் பார்க்காமல். "மேலாளரும் கையெழுத்துப் போடலாம்னு விதியில இருக்குது. நான் போட்டுட்டேன். ராத்திரி நல்லபடியா முடிஞ்சுது. ஒரு சிணுங்கல் இல்ல. நீங்க சொல்லித் தர்ற மாதிரி தரையெல்லாம் எழுதியிருந்தாரு, அதான்."

மகிழினி அறைக் கதவை நோக்கி நடந்தாள். காலையில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த மாரக்கா வாளியை நகர்த்தி வழி விட்டாள். கூடம் முழுக்க ஈரம் மின்னியது.

அறைக் கதவைத் திறந்துகொண்டு பொன்னி வந்தாள். தூங்கி எழுந்த முகம், கலைந்த தலை, வெறுங்கால். "அப்பா!" என்று கூவிக்கொண்டு ஈரத்துக்குள் இறங்கி ஓடினாள். கவின் இரண்டு கையையும் விரித்தார். பாதி வழியில் மகிழினியைப் பார்த்ததும் அவள் நின்றாள். அவளுடைய காலையே வேடிக்கை பார்த்தாள்.

"ஏன் ஆன்ட்டி உள்ளாற செருப்புப் போட்டிருக்கீங்க?"

மகிழினி குனிந்து குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அந்தக் கண்ணுக்குள் எதையோ தேடினாள். முந்தாநாள் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு ஈரத்துணியைப் பார்த்த பிள்ளை அங்கே இல்லை.

"தரை ஈரமா இருக்குது கண்ணு" என்றாள்.

பொன்னி குனிந்து பார்த்தாள். சின்னப் பாதங்களைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. வந்த வழி நெடுக அவளுடைய கால்தடம் ஈரத்தில் பதிந்திருந்தது. நிமிர்ந்து, தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு சிரித்தாள்.

"இல்லீங்க ஆன்ட்டி. தரை காஞ்சிருக்குது. அதுல எதுவும் இல்ல."